ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வாங்கும் முன்: காதுக்கு ஒரு தேர்வு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்கள் கழிந்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்க என்ன வாங்க வேண்டும்?" இணையக் கடைகளில் தேடினால் உடனே ஒரு பதில் கிடைக்கும். விரல் நீளத்தில் ஒரு சிறிய கருவி. ஒரு முனையை யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். மறுமுனையில் ஹெட்போனைச் செருக வேண்டும். சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் ரூபாய் வரை இவை விற்கின்றன. பெட்டியின் மேல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள்.

கறம்பக்குடி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உள்ளது. இந்தக் கருவிகளைக் கடையில் செருகிக் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதி பெரும்பாலும் இல்லை. பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று போனாலும் மொபைல் கடைகளில் கிடைப்பது எளிய இணைப்பு வயர்கள்தான். எனவே படத்தையும் பாராட்டுகளையும் பார்த்துப் பணம் கட்ட வேண்டியுள்ளது. அந்தப் பணம் பயனுள்ளதா, வீணா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். அதற்குத் தேவையான எளிய கணக்கையும் ஒரு சோதனை முறையையும் இங்கு பார்ப்போம்.

இந்தக் கருவி என்ன செய்கிறது?

கம்ப்யூட்டரில் உள்ள பாடல் எண்களின் வரிசைதான். ஆடியோ சி.டி.யை எடுத்துக் கொள்ளுங்கள். இடது, வலது என இரண்டு பக்கங்களுக்கும் விநாடிக்குத் தலா 44,100 எண்கள் அதில் உள்ளன. ஒவ்வோர் எண்ணும் 16 பிட் நீளம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட்கள் வரும். ஹெட்போனுக்கு எண்கள் புரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை அசைக்கும்.

எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர். சுருக்கமாக டி.ஏ.சி. என்பார்கள். நாம் கன்வர்ட்டர் என்றே சொல்வோம். அப்படிக் கிடைத்த மின்னழுத்தத்திற்கு ஹெட்போனை இயக்கும் வலிமையைக் கொடுப்பது ஆம்ப்ளிபயர். நாம் வாங்க நினைக்கும் சிறிய கருவியில் இந்த இரண்டும் ஒன்றாக உள்ளன.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஹெட்போன் துளை உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் இந்த இரண்டும் ஏற்கனவே இருக்கின்றன. இல்லாவிட்டால் பாட்டே கேட்காது. எனவே கேள்வி, "கன்வர்ட்டர் வேண்டுமா?" என்பது அல்ல. "இருப்பதைவிடப் புதியது உண்மையில் மேலானதா?" என்பதுதான்.

போன்களின் கதை வேறு. 2016ல் வந்த ஐபோன் 7ல் ஹெட்போன் துளையை ஆப்பிள் நீக்கியது. பின்னர் பல நிறுவனங்கள் அதே வழியில் சென்றன. இத்தகைய போன் வைத்திருந்து, வயர் உள்ள ஹெட்போனில் பாட்டுக் கேட்க விரும்பினால் வெளியில் ஒரு கன்வர்ட்டர் தேவை. அது ஆடம்பரம் அல்ல.

எல்லாருக்கும் ஏன் வித்தியாசம் தெரிகிறது?

புதிய கருவியைச் செருகியவுடன், "அடடா, பாஸ் நன்றாக இருக்கிறது, குரல் தெளிவாக இருக்கிறது" என்று பலரும் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறது. ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தரம் அல்ல, ஒலியளவு.

நம் காது எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி உணர்வதில்லை. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933ல் இதை அளந்து வெளியிட்டனர். ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது மிகவும் குறைவாகவே உணர்கிறது. ஒலியைக் கூட்டினால் அவை மேலே வருகின்றன. கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். முதலில் காணாமல் போவது பாஸ் ஒலிதான்; பாடகர் குரல் கடைசி வரை இருக்கும்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால், "சத்தம் அதிகம்" என்று நாமே கண்டுபிடித்து விடுவோம். ஒன்று அல்லது இரண்டு டெசிபெல் மட்டும் கூடினால் அது சத்தமாகத் தோன்றாது. தெளிவாக, ஆழமாக, உயிரோட்டமாகத் தோன்றும். இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம்.

மூன்று கருவிகள், ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக மூன்று உண்மையான கருவிகளைப் பார்ப்போம். முதலாவது, ஆப்பிள் 2018ல் வெளியிட்ட யு.எஸ்.பி. சி ஹெட்போன் இணைப்பு. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 9 டாலர். அங்கு விற்ற வகை அதிகபட்சம் சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்ற வகை அதில் பாதிதான். இரண்டாவதும் மூன்றாவதும் ஆடியோகுவெஸ்ட் நிறுவனம் 2016ல் வெளியிட்ட டிராகன்பிளை பிளாக், டிராகன்பிளை ரெட் ஆகியவை. அப்போது பிளாக் 99 டாலர், 1.2 வோல்ட். ரெட் 199 டாலர், 2.1 வோல்ட்.

மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிச் செருகி, வால்யூமை முழு அளவில் வைக்கிறோம் என்று கொள்வோம். ஆப்பிளைவிட பிளாக் 1.6 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். பிளாக்கைவிட ரெட் 4.9 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். உள்ளே ஒரே தரத்தில் பாகங்கள் இருந்தாலும் கேட்பவர், "விலைக்கு ஏற்ற தரம் இருக்கிறது" என்றுதான் சொல்வார். விலை 22 மடங்கு ஏறியது. வோல்ட் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஏறியது. அந்தக் கூடுதல் வோல்ட் உங்கள் ஹெட்போனுக்குத் தேவையா என்பதே அடுத்த கேள்வி.

ஆப்பிள் இணைப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் நன்றாக ஒலிக்கும் அதே கருவி, பல ஆண்ட்ராய்டு போன்களில் மிகக் குறைவாக ஒலிக்கும். கருவியின் உள்ளே இருக்கும் வால்யூமை அந்தப் போன்கள் முழு அளவுக்கு உயர்த்துவதில்லை. கருவி கெட்டது என்று இதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

உங்கள் ஹெட்போனுக்கு எவ்வளவு வோல்ட் தேவை?

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று இம்பிடன்ஸ், ஓம் என்ற அளவில் இருக்கும். மற்றொன்று சென்சிடிவிட்டி, ஒரு மில்லிவாட் மின்திறன் கொடுத்தால் எத்தனை டெசிபெல் ஒலி வரும் என்று சொல்லும். சில நிறுவனங்கள் மில்லிவாட்டுக்குப் பதில் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை டெசிபெல் என்று தருவார்கள். எது என்று கவனித்துப் படிக்கவும்.

பள்ளியில் படித்த கணக்குதான் இது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓம் அளவால் வகுத்தால் வாட் கிடைக்கும். மின்திறன் 10 மடங்கானால் ஒலி 10 டெசிபெல் கூடும். வோல்ட் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் கூடும்.

முதலில் சாதாரண இயர்போன். 32 ஓம், மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்று வைத்துக் கொள்வோம். 1 வோல்ட் கொடுத்தால் அதற்கு 31 மில்லிவாட் கிடைக்கும். ஒலி சுமார் 115 டெசிபெல். இது காதைக் கெடுக்கும் அளவு. அரை வோல்ட் கொடுத்தாலே 109 டெசிபெல் வந்துவிடும்.

அடுத்து 300 ஓம் பெரிய ஹெட்போன். மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல். 1 வோல்ட்டில் 3.3 மில்லிவாட்தான் கிடைக்கும். உச்ச ஒலி 102 டெசிபெல். கர்நாடக இசைக் கச்சேரி போல மெல்லிய ஆலாபனையும் திடீர் மிருதங்க அடியும் கலந்து வரும் பதிவுகளில், உச்சத்திற்கும் சராசரிக்கும் 20 டெசிபெல் வரை இடைவெளி இருக்கலாம். அப்போது சராசரி 82 டெசிபெல். பெரும்பாலோருக்கு இது போதும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு 2 வோல்ட் கருவி பயன்படும்.

ஆக, சாதாரண இயர்போன் வைத்திருப்பவர் அதிக வோல்ட் தரும் ஆம்ப்ளிபயர் வாங்கினால், பயன்படுத்தவே முடியாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார்.

பெட்டியில் இல்லாத முக்கியமான எண்

ஆம்ப்ளிபயருக்கும் ஓர் இம்பிடன்ஸ் உண்டு. இதை அவுட்புட் இம்பிடன்ஸ் என்பார்கள். பல நிறுவனங்கள் இதைப் பெட்டியில் அச்சிடுவதில்லை. ஆனால் உண்மையில் காதுக்குத் தெரியும் மாற்றத்தை இது ஏற்படுத்தும்.

சில இயர்போன்களின் இம்பிடன்ஸ் எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவாக இருக்காது. பாஸ் ஒலிக்கு 40 ஓம், வேறோர் இடத்தில் 8 ஓம் என மாறும். ஆம்ப்ளிபயரின் அவுட்புட் இம்பிடன்ஸ் 10 ஓம் என்றால் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் 5 டெசிபெல் வேறுபாடு வந்துவிடும். ஈக்வலைசரைத் திருகி வைத்தது போல் பாட்டின் குணமே மாறும். அதே இடத்தில் 1 ஓம் என்றால் வேறுபாடு 0.8 டெசிபெல்தான்.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. ஆம்ப்ளிபயரின் அவுட்புட் இம்பிடன்ஸ், ஹெட்போனின் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம் அல்லது அதற்குக் கீழ். இந்த விதியைப் பலரிடம் கொண்டு சேர்த்தவர் தன் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர். ஓ2 என்ற சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிபயரை அவர் 2011ல் வடிவமைத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் இயங்கும் அந்தக் கருவியின் வரைபடத்தையும், தான் அளந்த எல்லா எண்களையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டார். சாதாரண பாகங்களில் செய்த கருவியும் அளவில் சிறந்து விளங்க முடியும் என்று அவர் காட்டினார். ஒரு நிறுவனம் அளவுகளை வெளியிடுகிறதா என்று பாருங்கள். வெளியிடாமல் "இசையின் ஆன்மா" என்று மட்டும் எழுதியிருந்தால் சற்றுத் தயங்குங்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

வெளிக் கன்வர்ட்டர் உண்மையில் உதவும் ஓர் இடம் இரைச்சல். பாட்டு எதுவும் ஓடாதபோது ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள். மவுஸை நகர்த்தும்போது "கிர்" என்ற ஒலி, ஹார்ட் டிஸ்க் இயங்கும்போது ஒரு சீழ்க்கை ஒலி வந்தால் மதர்போர்டில் உள்ள மின் அலைகள் ஒலிப் பகுதியில் கலக்கின்றன. மேசைக் கம்ப்யூட்டரில் முன்பக்கத் துளையில் இது அதிகம் இருக்கும். முதலில் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். செலவு இல்லை. அதிலும் இருந்தால் வெளிக் கன்வர்ட்டர் நல்ல தீர்வு.

லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் "ம்ம்ம்" என்ற ஒலி வந்து, சார்ஜரை எடுத்தவுடன் நின்றால் விஷயம் வேறு. ஸ்பீக்கர் அல்லது டிவியுடன் இணைத்திருந்தால் இது அதிகம் தெரியும். நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் பிளக் பாயிண்டில் மூன்று துளை இருந்தாலும் உள்ளே எர்த் வயர் இருப்பதில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. ஒலி நிற்கிறது என்பதற்காகச் சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துவிடாதீர்கள். அது உயிருக்கான பாதுகாப்பு.

இன்னொன்று. 1950, 60களில் பதிவான திரைப்பாடல்களில் "ஸ்ஸ்" என்ற ஒலி கேட்டால் அது பெரும்பாலும் அன்றைய ஒலிநாடாவின் இரைச்சல். எந்தக் கன்வர்ட்டராலும் அதை நீக்க முடியாது.

32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் தேவையா?

மனிதக் காது கேட்கும் உச்ச எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற இது குறையும். ஓர் ஒலியை முழுமையாகப் பதிய, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் எண்கள் எடுத்தால் போதும். சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் அதற்காகவே முடிவு செய்யப்பட்டது.

பிட் கணக்கும் அப்படியே. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். மின்விசிறி ஓடும் அறையில் 40 டெசிபெல் இரைச்சலாவது இருக்கும். அதற்கு மேல் 96 என்றால் 136. அந்த அளவு ஒலியைக் காது தாங்காது. 32 பிட் என்றால் கணக்குப்படி 192 டெசிபெல். ஆனால் எந்த மின்சுற்றிலும் உள்ள இயல்பான வெப்ப இரைச்சலால் மிகச் சிறந்த கன்வர்ட்டர்கள்கூட 120, 130 டெசிபெல்லில் நின்றுவிடுகின்றன. அது 20, 21 பிட் அளவுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உயர்தர டிஸ்க் ஒலியையும், அதையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியே செலுத்திய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தனர். எது எது என்று கேட்பவர்களுக்குச் சொல்லவில்லை. 2007ல் வெளியான முடிவு இது: 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை. அதாவது 49.8 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதே விடைதான் வரும்.

பாடல் எங்கிருந்து வருகிறது என்பது இதைவிட முக்கியம். சி.டி.யில் விநாடிக்கு 1,411 கிலோபிட். பழைய எம்பி3 டிஸ்க்குகளில் பெரும்பாலும் 128 கிலோபிட். பலமுறை மாற்றி மாற்றிச் சுருக்கப்பட்ட பைல் என்றால் இழந்தது இழந்ததுதான். 300 ரூபாய் கருவிக்கும் 30,000 ரூபாய் கருவிக்கும் அது ஒன்றே.

வீட்டில் செய்யும் சோதனை

புரோகிராம் எழுதுபவர்கள் ஒரு பழுதைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. இங்கும் அதே முறைதான். கருவி மட்டும் மாற வேண்டும். பாட்டு, ஹெட்போன், ஒலியளவு மூன்றும் மாறக் கூடாது.

1. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று செல்லுங்கள். கம்ப்யூட்டரின் சொந்த ஒலிப் பகுதி, புதிய கன்வர்ட்டர் ஆகிய இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ், ஸ்பேஷியல் சவுண்ட் ஆகியவற்றை ஆப் செய்யுங்கள். லேப்டாப்புடன் வந்த ஈக்வலைசர் புரோகிராம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இரண்டுக்கும் ஒரே பார்மட், எடுத்துக்காட்டாக 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் எனத் தேர்ந்தெடுங்கள்.

2. ஆடாசிட்டி என்ற இலவசப் புரோகிராமை இறக்கி நிறுவுங்கள். அதில் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சைன், 60 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிடியூட் 0.5, நேரம் ஒரு நிமிடம் எனக் கொடுத்து, கிடைப்பதை வேவ் பைலாகச் சேமியுங்கள். சாதாரண மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கவே செய்யப்பட்டவை. அதனால்தான் 60 ஹெர்ட்ஸ் எடுக்கிறோம்.

3. ஒரு மல்டிமீட்டர் வேண்டும். மிக மலிவான மீட்டர்களில் ஏ.சி. அளவு 200 வோல்ட், 750 வோல்ட் என்று மட்டும் இருக்கும். அது இதற்கு உதவாது. ஏ.சி.யில் 2 வோல்ட் அளவு உள்ளதை, அல்லது தானே அளவை மாற்றிக் கொள்வதைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். பழைய ஆக்ஸ் வயர் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, உள் வயர்களை வெளியே எடுங்கள்.

4. ஒரு துளையை இரண்டாக்கும் ஸ்பிளிட்டர் மூலம் ஹெட்போனையும் இந்த வயரையும் சேர்த்துச் செருகுங்கள். ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது, மேசையில் இருக்கட்டும். சேமித்த டோனை ஓட்டி, இடது பக்க வயருக்கும் கிரவுண்ட் வயருக்கும் இடையே வோல்ட்டை அளந்து குறித்துக் கொள்ளுங்கள்.

5. அடுத்த கருவிக்கு மாற்றி, அதே வோல்ட் வரும் வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். 2 சதவீதத்திற்குள் இருந்தால் போதும். முதல் கருவி 0.300 வோல்ட் என்றால் இரண்டாவது 0.294க்கும் 0.306க்கும் இடையில் இருக்கலாம். விண்டோஸ் ஒவ்வொரு கருவிக்கும் வால்யூமைத் தனியே நினைவில் வைத்துக் கொள்ளும். அதன்பின் கைவைக்காதீர்கள்.

6. இப்போது வீட்டில் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். நீங்கள் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். அவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, தலை என்றால் ஒரு கருவி, பூ என்றால் மற்றது என்று இணைத்து, ஒரே பாட்டின் ஒரே 20 விநாடியை ஓட்ட வேண்டும். அதே கருவி மீண்டும் வந்தாலும் பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

7. பத்து முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். பத்தும் முடிந்த பிறகே விடைகளை ஒப்பிட வேண்டும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நன்கு தெரிந்த பாட்டாக இருக்கட்டும். தம்புராவின் ரீங்காரம், மிருதங்கத்தின் தொப்பி ஒலி, வயலின் கூட்டமாக வரும் இடம், பக்கவாத்தியம் இல்லாத தனிக்குரல் ஆகியவற்றில் குறைகள் எளிதில் தெரியும்.

மதிப்பெண் போடுவது எப்படி?

வெறும் ஊகத்தில் சொன்னாலும் பத்துக்கு ஐந்து சராசரியாகச் சரியாக வரும். ஆறு, ஏழு வந்தாலும் மகிழ வேண்டாம். எட்டு அல்லது அதற்கு மேல் ஊகத்தாலேயே கிடைக்கும் வாய்ப்பு 100க்கு 5 என்ற அளவில் உள்ளது. ஒன்பது அல்லது பத்து என்றால் 100க்கு 1தான். எனவே ஒன்பது வாங்கினால் வித்தியாசம் உண்மை என்று நம்பலாம். அதன்பின் எது உங்களுக்குப் பிடித்தது என்று முடிவு செய்யுங்கள்.

மீட்டர் கிடைக்கவில்லையா? துல்லியம் குறைந்த குறுக்கு வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த கருவியின் வால்யூமை மட்டும் ஓரிரு படி குறைத்துக் கேளுங்கள். உடனே மற்றது நன்றாக இருப்பதாகத் தோன்றினால், உங்களுக்குப் பிடித்தது கருவி அல்ல, சத்தம்தான்.

யாருக்கு இது தேவை?

ஹெட்போன் துளை இல்லாத போன் அல்லது துளை பழுதான லேப்டாப் வைத்திருப்பவர்கள், துளையில் இரைச்சல் கேட்பவர்கள், 150 ஓம், 300 ஓம் போன்ற பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்கள், இம்பிடன்ஸ் மாறும் இயர்போனை அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகமுள்ள துளையில் பயன்படுத்துபவர்கள் ஆகிய நான்கு வகையினருக்கு இது தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கலாம். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையே பல டெசிபெல் வேறுபாடு இருக்கும். ஒழுங்காகச் செய்த இரண்டு கன்வர்ட்டர்களுக்கு இடையே அது ஒரு டெசிபெல்லில் சிறு பகுதிதான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். யு.எஸ்.பி. சி ஹெட்போன் இணைப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்ளே கன்வர்ட்டர் இருக்கும். மற்றொன்று வெறும் வயர். அந்த வெறும் வயர், அனலாக் ஒலியை யு.எஸ்.பி. வழியே அனுப்பும் சில போன்களில் மட்டுமே வேலை செய்யும். லேப்டாப்பில் செருகினால் ஒலியே வராது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். விவரத்தில் "டி.ஏ.சி. உள்ளது" என்று எழுதியிருக்கிறதா, திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருப்பித் தரும் நாட்களுக்குள் மேலே சொன்ன சோதனையை முடித்துவிடுங்கள்.

காதுக்கு உதிரி பாகம் கிடையாது

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது பலரும் ஒவ்வொரு முறையும் வால்யூமைச் சிறிது கூட்டிக் கொண்டே போவார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலியில் வாரம் 40 மணி நேரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் எல்லையாக வைத்துள்ளது. குழந்தைகளுக்கு 75 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10 மணி நேரம். 95 என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான்.

உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. சாதாரண இயர்போனில் 1 வோல்ட் 115 டெசிபெல் தரும் என்று மேலே பார்த்தோம். வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் 2 வோல்ட் கருவியைச் செருகிவிட்டுப் போவதற்கு முன் இந்த எண்ணை ஒரு முறை நினைத்துக் கொள்ளுங்கள். சோதனை முடிந்தவுடன் வால்யூமைக் கீழே இறக்கி வையுங்கள். ஒரு கையளவு தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது ஹெட்போனை மீறிக் கேட்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் கூட்ட வேண்டாம்.